ததேயூஸ் கொண்டுவந்த கல்

ஈரச் சாக்கில் பொதிந்து
ஆட்டோவின் கால்மாட்டில் கிடத்தி
நீரோடியிலிருந்து வந்தது.
ஊரம்பு முக்கில் போலீஸ் மறித்துக் கேட்டதாம்:
சாக்கில் என்னடே?
கல்லு சார்.
கல்லுக்கு எதுக்குடே தண்ணி தெளிக்கிய?
பதில் ததேயூஸுக்குத் தெரியும்,
சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதும் தெரியும்.
சூடுள்ள கல்லு சார், என்றானாம்.

பவளம் என்றால் வழக்கு. இது கான்கிரீட்.
தூண்டில் வளைவுக்கு வார்த்ததில் உடைந்த துண்டு என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.
பத்தொன்பது கிலோ.
சிப்பி எடுக்க முங்கியவன்
நாலாள் ஆழத்தில் முட்டி இடித்துக் கண்டது.
மேலெல்லாம் ஊதாத் தேமல், கடற்பஞ்சு,
பொந்துக்குப் பொந்து யாரோ.

பாறசாலை பல் டாக்டர் பிந்துவின் கிளினிக்கில்
ஆறடித் தொட்டி காத்திருக்கிறது.
ஓணத்துக்குள் வேணும் என்றார்.
நடக்காது டாக்டர், கல் ஆறணும்.
கல்லா? ஆறணுமா?
ஆமாம், பல் பிடுங்கின குழி மாதிரி.

பிடுங்கிக் கொண்டுவந்ததில் பாதி
வழியிலேயே செத்திருக்கும்.
செத்ததை எடுத்தால்தான் மிச்சம் பிழைக்கும்.
நீல டிரம்மில் உப்புநீர், அளவு முப்பத்தைந்து,
அடியில் மோட்டார், மேலே கறுப்புத் தார்ப்பாய்.
வெளிச்சம் பட்டால் பாசி முந்திக்கொள்ளும்.

மூன்றாம் நாள் நாற்றம்.
பக்கத்துப் பரோட்டாக் கடைத் தங்கப்பழம்
மூக்கில் துவர்த்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.
சவம், உள்ள என்ன செத்துக் கிடக்கு?
சாகலை அண்ணே, ஆறுது.

தேய்க்க, டாக்டர் சும்மா தந்த பல் பிரஷ்தான்.
வெள்ளைக் கொழகொழப்பு, கறுத்த பஞ்சு,
வாய் பிளந்த சிப்பி இரண்டு.
இடுக்கியால் இழுத்த முள்புழு
விரலில் கண்ணாடித் தூளை விட்டுப்போனது,
இரவு சோறு பிசையும்போது தெரிந்தது.

இரண்டாம் வாரம்
ஒரு பக்கத்துப் பஞ்சு மொத்தமாகக் கழன்றது.
அடியில் பச்சை.
பாசி என்று தேய்த்தேன், போகவில்லை.
எனாமல்.
அதில் ஓர் ஆணி, தலை தின்னப்பட்டு.

ததேயூஸைக் கூப்பிட்டேன்.
அங்க பதினாலு வீடு கிடந்துல்லா அக்கா,
அதுல ஏதாவது ஒண்ணு.
ஏன், ஆவாதா?
ஆணிதான் ஆகாது, துரு தண்ணியைக் கெடுக்கும்
என்றேன்.
வேறு ஏதோ சொல்ல வந்து அதைச் சொன்னேன்.
கொறடு போட்டுத் திருகியதில்
பொடிப்பொடியாக வந்தது.

அம்மோனியாக் குழாய் கரும்பச்சை காட்டியது.
பாதி நீரைக் கொட்டு, புதிதாக உப்புக் கலக்கு.
மறுபடி பச்சை. மறுபடி கொட்டு.
கரண்ட் போன ராத்திரி
ஸ்கூட்டர் பேட்டரியில் மோட்டாரை ஓட்டினேன்.
நாலாம் வாரம் மஞ்சள்.
மஞ்சள் என்றால் சைபர்,
ஆனால் அடுத்த குழாய் ஊதா.
ஒன்று தீர்ந்தால் ஒன்று.

பாக்கி வாங்க கில்டா வந்தாள், ததேயூஸின் மனைவி.
இப்போது கொல்லங்கோட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள்.
கேட்காமலே தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள்,
கொஞ்ச நேரம்.
எங்க வீடு இல்ல, எங்களுக்கு ரோஸ்.
ரூபாயை எண்ணினாள்,
கிழிந்த ஐம்பதைத் திருப்பித் தந்தாள்.
படியிறங்கிய பிறகு சொன்னாள்:
பச்சை சிசிலிக்கு.
அடுக்களைக்கு மட்டும் அடிச்சா,
அதுக்குள்ள பெயிண்டு தீந்துபோச்சு.

ஓணம் முடிந்தது. டாக்டர் இருமுறை கூப்பிட்டார்,
ஊதாப் பக்கம் முன்னால் வரட்டும் என்றார்.
ஆணி இருந்த குழியில் ஒரு குழல்புழு
நகக்கண் அளவுக்குச் சிவப்பு விசிறி விரித்திருக்கிறது,
என் நிழல் விழுந்தால் மூடிக்கொள்கிறது.

இன்னும் ஒன்று பிடிபடவில்லை.
கடையடைத்து விளக்கணைத்தால்
டிரம்முக்குள்ளிருந்து டக், டக்.
சொடக்கு இறால்.
மீனை அடிக்கும், அதோடு விற்கக்கூடாது.
நெத்திலித் துண்டு போட்ட குப்பி ஒன்றைச் சாய்த்துவைத்துவிட்டு
இருட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்.
டக்.
கொஞ்சம் இடைவெளி, இடம் பார்க்கிற மாதிரி.
டக். டக்.
ஆணி அறைகிறது யாரோ.